சிவப்பு விளக்கின் முன் நின்றால் தசை தேறுமா?

விளையாட்டும் உடலும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையக் கடைகளிலும் திடீரெனப் பெருகியிருக்கும் சிவப்பு விளக்குப் பலகைகளைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே முழங்கால் வலி, புரத மாவு முதலிய வழக்கமான கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அரை மாரத்தான் ஓட்டத்துக்கு ஆறு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். நீண்ட ஓட்டம் ஓடிய மறுநாள் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிடுகிறது. நான் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆளுயரச் சிவப்பு விளக்குப் பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் அதன் முன் நின்றால், தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரைந்து வலி போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பாவம், அந்த லாக்டிக் அமிலத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம். கடுமையாக ஓடும்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது, அதாவது இறக்கத்தில் ஓடும்போதும் படி இறங்கும்போதும் உங்கள் முன்தொடை செய்யும் வேலையின்போது, தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் அழற்சியே அந்த வலி. தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வலிக்குத் தசைக்குள் நேரும் கிழிவே காரணமாகலாம் என்று 1902லேயே எழுதிவிட்டார். ஆனாலும் பயிற்சிக் கூடங்களில் லாக்டிக் அமிலக் கதைக்கு இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை.

இனி விளக்குக்கு வருவோம். இருட்டறையில் கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். வெள்ளை ஒளிதான் உள்ளே போகிறது, ஆனால் மறுபுறம் சிவப்பு மட்டுமே தெரிகிறது. நீலத்தையும் பச்சையையும் இரத்தமும் திசுவும் விழுங்கிவிடுகின்றன; சிவப்பு ஓரளவு தாக்குப்பிடித்து ஊடுருவுகிறது; கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு அதைவிடச் சற்று ஆழமாகச் செல்கிறது. இந்தச் சிகிச்சை இவ்விரண்டையும்தான் பயன்படுத்துகிறது. கடைகளில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலும் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பும் 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பும் இருக்கும். மருத்துவ நூல்களில் இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர்.

ஊடுருவிய ஒளி அங்கே என்ன செய்கிறது? உயிரணுவின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கடைசியில் பயன்படுத்துவது இதுதான். சிவப்பும் அகச்சிவப்பும் இந்த நொதியால் உறிஞ்சப்படுகின்றன என்றும், அதனால் நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு விலகி, ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் உற்பத்தி கூடுகிறது என்றும் சொல்லப்படுகிறது. ரஷ்ய ஆய்வாளர் டீனா காரு பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த விளக்கம் இது. பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த நொதியே இல்லாத உயிரணுக்களும் ஒளிக்கு எதிர்வினை காட்டியதாக வந்த ஆய்வுக்குப் பிறகு, இது மட்டுமே முழு விளக்கம் என்று சொல்ல யாரும் துணிவதில்லை.

விளம்பரங்களில் ‘நாசா கண்டுபிடித்த தொழில்நுட்பம்’ என்று போட்டிருப்பார்கள். ஒளியைக் கொண்டு நோய் தீர்த்ததற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார், அது தோல் காசநோய்க்கான வேறு வகை ஒளி என்றாலும். குறைந்த ஆற்றல் சிவப்பொளியின் கதை தொடங்கியது 1967ல், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில். எந்த்ரே மெஸ்தெர் என்ற மருத்துவர், லேசரால் கட்டியைக் கரைக்க முடியுமா என்று எலிகளின் முதுகு மயிரை மழித்து, சிவப்பொளி தரும் ரூபி லேசரைப் பாய்ச்சினார். அவரிடமிருந்த லேசர் வலுவற்றது. கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. நாசாவின் பங்கு 1990களில் வருகிறது: விண்வெளியில் செடி வளர்ப்பதற்காக உருவாக்கிய எல்.இ.டி. விளக்குகளைக் காயம் ஆற்றும் ஆய்வுகளுக்கும் பயன்படுத்த அது நிதி உதவி செய்தது. பெரிய பங்குதான், ஆனால் கண்டுபிடிப்பு அவர்களுடையது அன்று.

உங்கள் கேள்வியின் மையம் பயன் உண்டா என்பது. ஓரளவு உண்டு, சில நிபந்தனைகளோடு. தசை குறித்த ஆய்வுகளில் மிகப் பெரிய பங்கு பிரேசில் நாட்டினுடையது. உடல்நலமுள்ளவர்களிடம் நடத்திய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வெளியான மதிப்பீடு ஒன்று, தசையின் செயல்திறன் கூடுவதற்கும் களைப்பு குறைவதற்கும் சான்று இருப்பதாகக் கூறியது. அதே மதிப்பீடு சொன்ன நிபந்தனைகளைத்தான் பலகை விற்பவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. நல்ல பலன் பெரும்பாலும் கிடைத்தது உடற்பயிற்சிக்கு முன்பு ஒளி கொடுத்தபோது. கொடுத்த விதமோ, டையோடுகள் எனப்படும் சிறு ஒளிமுனைகள் அடங்கிய கைக்கருவியைத் தோலின் மீது அழுத்தி, தசையின் பல புள்ளிகளில் இடம் மாற்றி மாற்றி வைப்பது. உங்கள் கூடத்தில் நடப்பது பயிற்சிக்குப் பின்பு, எட்டி நின்று, ஆடை மேல் ஒளி வாங்குவது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் சான்றும் ஒன்றாகிவிடாது.

பயிற்சிக்குப் பின் கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இளம் வாட்டர் போலோ வீரர்களுக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாள் பயிற்சியின் முடிவிலும் தொடையின் உட்பக்கத் தசைகளில் லேசர் கொடுத்த பிரேசில் ஆய்வில், தசைச் சிதைவின் குறியீடுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மறுபுறம், ஒரே உருவ இரட்டையர் இருவரை வைத்து, 12 வார எடைப் பயிற்சிக்குப் பின் ஒருவருக்கு மட்டும் உண்மையான ஒளி கொடுத்த ஆய்வில், ஒளி பெற்றவருக்குத் தசை கூடுதலாக வளர்ந்தது. இதை மேற்கோள் காட்டாத விளம்பரம் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு ஜோடி.

நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டீர்கள் என்றால், ஓட்டத்துக்கு முன் வெறுந்தொடையும் கெண்டைக்காலும் பலகைக்கு மிக அருகில் இருக்கும்படி நின்று பாருங்கள். இன்னும் கட்டவில்லை என்றால், வாராந்திர நீண்ட ஓட்டத்தின் தூரத்தை எவ்வளவு வேகமாகக் கூட்டுகிறீர்கள், இறக்கமான பாதையை எத்தனை முறை தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை முதலில் கவனியுங்கள். ஒரே வகை இறக்க ஓட்டத்தைச் சில வாரங்கள் அளவாகச் செய்தாலே தசை பழகிக்கொண்டு, அடுத்தடுத்த முறைகளில் வலி குறைந்ததை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வி: எங்கள் கபடி அணிப் பையன்களுக்கு உள்ளூர் பிசியோதெரபி நிலையத்தில் சிவப்பு பல்பு போட்டு ஒத்தடம் கொடுக்கிறார்கள். இதுதானே அது? பிறகு ஏன் புதிதாக ஒரு கருவி வாங்க வேண்டும்?
– கபடிப் பயிற்சியாளர், நாமக்கல்

பதில்: இல்லை ஐயா, அது வேறு. உங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது எளிது: கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு தரத் தொங்கவிடும் பல்பின் உடன்பிறப்புதான் பிசியோதெரபி நிலையத்தின் அகச்சிவப்பு விளக்கு. பல்பின் கண்ணாடி சிவப்பாக இருக்கும். வெளிவருவது பெரும்பாலும் வெப்பம். அந்த வெப்பம் இறுக்கத்தைத் தளர்த்தும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும். விறைத்துப்போன முதுகுக்கு இதமாக இருக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் எல்.இ.டி. அல்லது லேசர் சிகிச்சையில் சூடு முக்கியமன்று. முறையாகச் செய்தால் தோலில் சூடே தெரியாது. அகச்சிவப்பு சானா என்ற பெயரில் நகரங்களில் வரும் அறைகளும் வெப்பக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஓர் எச்சரிக்கை. அடிபட்டு அப்போதே வீங்கிய இடத்தில் அந்தச் சூட்டு பல்பைக் காட்ட வேண்டாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த பல்பால் தீப்புண் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சூடு தெரியாததால் அவர்கள் காலை நகர்த்தவே இல்லை.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன், வார இறுதிகளில் பாட்மின்டன் ஆடுகிறேன். பலகை வாங்கிவிட்டேன். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்று அட்டையில் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்? தவிர, பாதி டையோடுகள் எரியவே இல்லை. மாற்றித் தரச் சொல்லட்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: மாற்றச் சொல்வதற்கு முன் கைப்பேசியின் கேமரா வழியாக அந்த டையோடுகளைப் பாருங்கள். டி.வி. ரிமோட்டின் முனையில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி சில கேமராக்களில் மினுங்குவது போல, இவையும் மினுங்கினால் பழுது ஏதுமில்லை. அவை 850 நானோமீட்டர் வரிசைகள். மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டாகவே தெரியும். அப்படித் தெரிவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனிக் கணக்கு. தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மில்லிவாட்டை விநாடிகளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால், அந்தச் சதுர சென்டிமீட்டர் பெற்ற ஆற்றல் ஜூலில் கிடைக்கும். 100 மில்லிவாட்டில் பத்து நிமிடம், அதாவது 600 விநாடி நின்றால் 60 ஜூல். ஆனால் அட்டையில் உள்ள 100 என்பது எந்த இடத்தில் அளந்தது? பலர் பலகையை ஒட்டினாற்போல் அளந்துவிட்டு, அரை அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இன்னும் சிலர் சூரிய ஒளியை அளப்பதற்காகச் செய்த மலிவான மீட்டரால் எல்.இ.டி.யை அளக்கிறார்கள், வெயிலின் பரந்த நிறமாலைக்குச் சரிசெய்யப்பட்ட அந்த மீட்டர், இரண்டே அலைநீளங்களைத் தரும் விளக்கின் முன் உண்மைக்கு மேலான எண்ணைக் காட்டும். எனவே நீங்கள் நிற்கும் இடத்தில் உண்மையாக விழுவது 30 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு 18 ஜூல்.

இங்கேதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. நான் மேலே சொன்ன 2018 மதிப்பீடு, முன்கை, புஜம் போன்ற சிறு தசைகளுக்கு 20 முதல் 60 ஜூல், முன்தொடை போன்ற பெருந்தசைகளுக்கு 60 முதல் 300 ஜூல் என்று பலன் தந்த அளவைக் குறிப்பிட்டது. ஒவ்வொரு டையோடின் திறனும் அதிகபட்சம் 200 மில்லிவாட். இவை சதுர சென்டிமீட்டர் கணக்கு அன்று. முழுத் தசைக்கும் சேர்த்த மொத்தக் கணக்கு. உங்கள் முன்தொடையின் பரப்பு 15 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் என்றால் 450 சதுர சென்டிமீட்டர். அதை 18ஆல் பெருக்கினால் 8,100 ஜூல். ஆய்வில் சொன்ன உச்ச அளவைப் போல 27 மடங்கு!

அப்படியென்றால் பலகை அளவுக்கு மீறிக் கொடுக்கிறதா? அவ்வளவு நேரடியாகவும் சொல்லிவிட முடியாது. தூரத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு நல்ல பகுதி தோலில் பட்டுத் திரும்பிவிடுகிறது. தோலில் அழுத்தி வைத்த கருவியோ அந்த இழப்பைக் குறைக்கிறது. அழுத்தத்தால் இடையிலுள்ள இரத்தம் விலகுகிறது. தசைக்கும் விளக்குக்கும் இடையிலான தடிமனும் குறைகிறது. போதாதற்கு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அடுக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒளி உள்ளே செல்லச் செல்ல மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே உங்கள் பலகையின் 8,100ஐயும் ஆய்வின் 300ஐயும் ஒரே தராசில் வைக்க வழியில்லை. பலகையோடு வரும் கையேட்டில் ஆய்வு எண்களை அப்படியே அச்சிட்டு ‘பத்து நிமிடம்’ என்று போடுவது, படி அளவையும் முழ அளவையும் ஒன்றாக்கிக் கணக்குப் போடுவது போன்றது.

பத்து நிமிடம் நல்லதென்றால் நாற்பது நிமிடம் இன்னும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்த அளவில் தூண்டும், அளவு கூடினால் பலன் மறையும், மேலும் கூடினால் எதிராகவும் திரும்பும் என்பது ஆய்வகங்களில் இந்த ஒளி குறித்து மீண்டும் மீண்டும் காணப்பட்ட இயல்பு. பாட்மின்டனுக்கு முன், பலகைக்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், தொடைக்கு ஐந்து நிமிடம், கெண்டைக்காலுக்கு ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். இது என் கைப்பழக்கத்திலிருந்து சொல்லும் அளவு. ஆய்வு நிறுவிய அளவன்று.

கேள்வி: எனக்கு வயது 17. மாவட்ட வாலிபால் அணியில் ஆடுகிறேன். சிவப்பு லைட் போட்டால் ஜம்ப் ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்பா, பின்பா? அப்பாவை வாங்கித் தரச் சொல்லலாமா?
– மாணவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, உன் விளையாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. பிரேசிலில் 12 தொழில்முறை வாலிபால் வீரர்களுக்கு, அதிகாரபூர்வ ஆட்டங்களுக்கு முன் எல்.இ.டி. ஒளியை மூன்று வெவ்வேறு அளவுகளில், 105, 210, 315 ஜூல் என்று கொடுத்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒளியே வராத போலிச் சிகிச்சை. தசை சிதைந்தால் இரத்தத்தில் உயரும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியை (நம் ஊர் ஆய்வகச் சீட்டில் சி.பி.கே. என்றிருக்கும்) மறுநாள் அளந்தபோது, போலிச் சிகிச்சைக்குப் பின் தெரிந்த உயர்வு, ஒளி பெற்ற ஆட்டங்களில் அளவைப் பொறுத்துக் கட்டுப்பட்டிருந்தது. 2015ல் வெளியானது. கவனித்துப் படி: அது நொதியைப் பற்றிய ஆய்வு; எவ்வளவு உயரம் தாவினார்கள் என்பதைப் பற்றியது அன்று.

ஆட்டத்துக்கு முன்புதான். இத்துறையில் மிகுதியாக உழைத்தவர்களுள் ஒருவரான பிரேசிலின் எர்னஸ்டோ லீல்-ஜூனியரும் அவருடைய கூட்டாளிகளும் 2019ல் எழுதிய பரிந்துரையில், பயிற்சிக்கு ஐந்து நிமிடம் முதல் ஆறு மணி நேரம் வரை முன்னதாகக் கொடுக்கலாம் என்றார்கள். இத்துறை ஆய்வாளர்களில் சிலருக்குக் கருவி நிறுவனங்களோடு தொடர்புண்டு. கட்டுரைகளிலேயே அதை அறிவித்தும் இருக்கிறார்கள். அதனால் ஆய்வு பொய்யென்று ஆகாது. ஆனால் படிக்கும்போது அதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவிடம் கேட்பதற்கு முன் உனக்கு ஒரு கேள்வி: இரவு எத்தனை மணிக்குக் கைப்பேசியைக் கீழே வைக்கிறாய்? உன் வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். முறையாக ஸ்குவாட் போடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர், நல்ல காலணி, காலையில் முட்டையோ சுண்டலோ, இந்த மூன்றும் இருந்து, அதற்கு மேலும் அப்பாவிடம் பணம் மீதமிருந்தால், அப்போது விளக்கைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: தூக்கத்துக்கும் இந்த விளக்கு உதவும் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: சீனாவில் 20 கூடைப்பந்து வீராங்கனைகளில் பத்துப் பேருக்கு 14 நாள், இரவு தோறும் அரை மணி நேரம், முழு உடலிலும் சிவப்பொளி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய தூக்கத்தின் தரமும் இரத்தத்தில் தூக்க ஹார்மோனான மெலடோனின் அளவும் மேம்பட்டதாக 2012ல் எழுதினார்கள். ஒளி பெறாத பத்துப் பேரும் அதே கருவியில் படுத்திருந்தார்கள். ஆனால் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை மூடிய இமைக்குள்ளும் உணர முடியும் அல்லவா? ஆய்வு சிறியது, முயன்று பார்ப்பதில் கேடில்லை. படுக்கையறையின் வெள்ளை டியூப் லைட்டை ஒரு மணி நேரம் முன்பே அணைப்பதற்குச் செலவே இல்லை.

கேள்வி: என் மகள் மாநிலத் தடகளப் போட்டிக்குப் போகிறாள். இந்த ஒளியை ஊக்கமருந்தாகக் கருதித் தகுதி நீக்கம் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– தாயார், ஈரோடு

பதில்: அச்சம் வேண்டாம், அம்மா. தோலின் மீது படும் சிவப்பொளி உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. செயல்திறனைக் கூட்டும் என்றால் இதையும் தடை செய்ய வேண்டாமா என்ற கேள்வியை 2016ல் ஆய்வாளர்களே எழுப்பினார்கள் என்பது சுவையான செய்தி. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது: இரத்தத்தை உடலிலிருந்து எடுத்து ஒளி காட்டித் திரும்பச் செலுத்துவது தடைசெய்யப்பட்ட முறை. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் வீரர்களின் இரத்தத்துக்குப் புற ஊதா ஒளி காட்டிய விவகாரம் 2012ல் பெரிதாக வெடித்தது. உங்கள் மகளுக்கு உண்மையான ஆபத்து, யாரோ தரும் லேபிள் இல்லாத சப்ளிமென்ட் டப்பாவில்தான் இருக்கிறது, விளக்கில் அன்று.

கேள்வி: நான் கறுப்பு நிறம். ஒளி என் தோலில் அதிகமாக ஏறுமா, குறைவாக ஏறுமா? கண்ணாடி அணிய வேண்டுமா? முகப்பருவுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன்.
– உடற்பயிற்சி ஆர்வலர், மதுரை

பதில்: நல்ல கேள்வி, இதைப் பலகை விற்பவரிடம் கேட்டால் விழிப்பார். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? அதுவும் ஏறக்குறைய 660 நானோமீட்டர் சிவப்பையும் ஓர் அகச்சிவப்பையும் விரலுக்குள் செலுத்தித்தான் ஆக்சிஜனை அளக்கிறது. அது கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று அக்காலத்தில் பரவலாகத் தெரியவந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பிழை அது. அதே மெலனின் உங்கள் பலகையின் சிவப்பையும் தோலின் மேலடுக்கிலேயே ஒரு பகுதி பிடித்துக்கொள்ளும்; தசைக்குப் போய்ச் சேருவது குறையும், தோலில் தங்குவது கூடும். 850 நானோமீட்டரில் இந்த வேறுபாடு குறைவு. எனவே நம் நிறத்தவர் தசைக்காகப் பயன்படுத்தும்போது அகச்சிவப்பு வரிசையை எரியவிடுவதே பொருத்தம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 633 நானோமீட்டர் ஒளியை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், வெள்ளைத் தோல் சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் வரை தாங்கியது. கறுத்த தோலுக்குப் பாதுகாப்பான உச்சம் 320 என்று கண்டார்கள். நீங்கள் பயன்படுத்தும் அளவு அதற்கு வெகு கீழே இருக்கும். ஆனாலும் வெள்ளையருக்கு எழுதிய கால அட்டவணையை அப்படியே பின்பற்றாமல், பாதி நேரத்தில் தொடங்கி, மறுநாள் தோலில் கருமைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி கட்டாயம். சிவப்பு கண்ணைக் கூசச்செய்யும், நாமே விலகிவிடுவோம். அகச்சிவப்பு கூசாது, கண்மணியும் சுருங்காது, விழித்திரை வரை ஒளி தாராளமாகப் போகும். மேலே சென்னை வாசகரிடம் குறிப்பிட்ட ஆபத்து இதுதான்.

மாத்திரையின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் போன்றவை தோலை ஒளிக்குக் கூருணர்ச்சி உடையதாக்கும். பெரும்பாலும் புற ஊதாவுக்குத்தான் என்றாலும், மருந்து எழுதித்தந்த தோல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒளி பட்டால் மோசமாகக்கூடிய லூபஸ், போர்ஃபிரியா நோயுள்ளவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக வீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: முப்பது ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காலை வெயிலில் இல்லாத சிவப்பொளியா? மைதானத்தில் நின்றால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, கேள்வியில் நியாயம் இருக்கிறது. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட். பலகையின் அட்டையில் பெருமையாகப் போடும் அதே எண். அதில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பு. ஆனால் அது எல்லா அலைநீளங்களிலும் சிதறிக் கிடக்கிறது. வேண்டிய பட்டையில் கிடைப்பது சிறு பங்குதான். அந்தப் பங்கு தசைக்குப் போதுமான அளவு சேரும்வரை நின்றால், அதற்குள் வெப்பமும் புற ஊதாவும் தம் வேலையைத் தொடங்கிவிடும். காலை வெயில் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவைக்கும். உடல் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும். அதற்காகவே நீங்கள் அதைப் பரிந்துரைக்கலாம்.

கேள்வி: எடைப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தேன். முதல் நாளே நண்பர்களோடு போட்டி போட்டு நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போட்டேன். இரண்டு நாளாகத் தொடை வீங்கி, தொட முடியாமல் வலிக்கிறது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. ஜிம்மில் சிவப்பு விளக்கில் தினமும் இருபது நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். சரியாகிவிடுமா?
– வாசகர், வேலூர்

பதில்: இக்கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறேன். பயிற்சிக்குப் பின் சாதாரணமாக வரும் வலியில் சிறுநீரின் நிறம் மாறாது. கட்டங்காப்பி அல்லது கோலா நிறம் என்றால், சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தை நோக்கிப் போகிறது என்று பொருள்; ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிறுநீரகம் செயலிழக்கக்கூடும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பும் குலையக்கூடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளில் அளவுமீறும்போதும், நீண்ட விடுப்புக்குப் பின் திரும்புபவர்கள் பழைய எடையையே தூக்கும்போதும், கடும் வெயிலில் பயிற்சி செய்யும்போதும் இது வரும்.

இந்நிலையில் விளக்கு, ஐஸ், மசாஜ், வலிமாத்திரை எதுவும் வேண்டாம். குறிப்பாக இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்கு மேலும் சுமை. உடனே சிறுநீரகப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, என்ன பயிற்சி, எத்தனை முறை, எப்போது செய்தீர்கள் என்பதைச் சொல்லி, சி.பி.கே., கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் போன நேரத்தையும் நிறத்தையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். தொடை மேலும் மேலும் இறுகிக் கல்லாகி, பாதம் மரத்துப்போனால், வரிசையில் காத்திருக்காமல் செவிலியரிடம் அதை உரக்கச் சொல்லுங்கள்.